ஈரமும் வெப்பமும் ஒட்டுப்பசையும்

பொருள்களை இணைப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் நான்கு. கயிற்றால் கட்டுதல், ஆணியோ திருகோ கொண்டு பிணைத்தல், உலோகத்தை உருக்கிப் பற்றவைத்தல், பசையால் ஒட்டுதல் என்பன அவை. இவற்றுள் பசையை நாம் ஏனோ சிறிது இளக்காரமாகவே கருதி வந்திருக்கிறோம். கடித உறையை ஒட்டவும், கிழிந்த புத்தகத்தைத் தைக்காமல் சமாளிக்கவும் பயன்படும் ஒன்று என்பதே பலருடைய எண்ணம். ஆனால் இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள் இரு பாதிகளாகச் செய்யப்பட்டுப் பசையால் ஒட்டப்பட்டவை. நம் நாட்டின் தேஜஸ் போர் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு, கரியிழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பொருள். வானூர்தி, பாலம், படகு, சுரங்கப்பாதை என்று மனித உயிரைத் தாங்கும் இடங்களிலெல்லாம் பசை நுழைந்துவிட்டது.

உயிரைத் தாங்கும் பொருளைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'இன்று எவ்வளவு வலிமை?' என்பதோடு நிற்பதில்லை; 'இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இதே வலிமை இருக்குமா?' என்பதுமாகும். இந்த இரண்டாம் கேள்விக்கு விடை சொல்பவை ஈரமும் வெப்பமும். இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லாத ஊர் நம் புதுச்சேரி. ஆகவே இப்பொருளை வேதியியல் மாணவர் மட்டுமன்றி, இவ்வூரில் வீடு கட்டுவோரும் படகு செப்பனிடுவோரும் அறிந்துகொள்வது நலம்.

நம் கடற்கரை கற்பித்த பாடம்

துறைமுகம் இல்லாத நம் கடற்கரையில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது சலங்கு என்னும் படகு. சென்னையில் இதே வகைப் படகை மசூலா என்றார்கள். இதன் பலகைகள் ஆணியால் அடிக்கப்பட்டவை அல்ல, பசையால் ஒட்டப்பட்டவையும் அல்ல. தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலையில் மோதிக் கரையில் விழும்போது தையல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும், பலகை பிளவுபடாது. கட்டுமரமும் அப்படியே. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவது மீனவர் வழக்கம்.

மரம் நீரில் ஊறினால் பருக்கும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும் என்பதை நம் மீனவர் நன்கறிந்திருந்தனர். எனவே அந்த அசைவுக்கு இடங்கொடுக்கும் இணைப்பையே தேர்ந்தெடுத்தனர். பசை இதற்கு நேர்மாறானது. அது இரு பரப்புகளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. பொருள் பருத்தாலும் சுருங்கினாலும் அந்த வேறுபாடு முழுவதையும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே கனமுள்ள பசைப்படலம் தாங்கியாக வேண்டும். அதன் சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

கட்டமைப்புப் பசை என்பது யாது?

சுமை தாங்கும் உறுப்புகளை நெடுங்காலம் இணைத்து வைக்கக்கூடிய பசையையே கட்டமைப்புப் பசை என்கிறோம். எப்பாக்சி, பீனால்-பார்மால்டிஹைடு, பாலியூரித்தேன் போன்ற பலபடிச் சேர்மங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இறுகியபின் இவற்றின் மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புகளால் பின்னி, ஒரு வலைபோல் ஆகிவிடுகின்றன. அதனால்தான் இவை மீண்டும் உருகுவதில்லை. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட்டு. அதில் இவ்வலை இல்லை. ஈரத்தில் அது இளகும். வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்குப் போதும், மழையில் நிற்கும் கதவுக்குப் போதாது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் நார்மன் டி புருயின். இங்கிலாந்தில் டக்ஸ்போர்டு என்னுமிடத்தில் ஏரோ ரிசர்ச் நிறுவனத்தை நடத்திய இவர், 1941-இல் 'ரெடக்ஸ்' என்னும் பசையை உருவாக்கினார். பீனாலிக் பிசினும் பாலிவினைல் பார்மல் பொடியும் சேர்ந்த இப்பசையே விமானத்தில் உலோகத்தை உலோகத்தோடு ஒட்டும் முறைக்கு வழி திறந்தது. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946-இல் அரால்டைட்டை வெளியிட்டபின் எப்பாக்சி உலகெங்கும் பரவியது.

நீர் செய்யும் மூன்று வேலைகள்

எப்பாக்சி கண்ணுக்குக் கண்ணாடிபோல் தோன்றினாலும் நீரைத் தடுக்கும் சுவர் அன்று. நீர் மூலக்கூறு மிகச் சிறியது. பிசினின் வலைக் கண்களுக்கிடையே புகுந்து, அங்குள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு உறவு கொள்கிறது. இவ்வாறு எப்பாக்சி தன் எடையில் ஓரிரு விழுக்காடு, சில வகைகளில் அதற்கு மேலும், நீரை உறிஞ்சிக்கொள்ளும். புகுந்த நீர் செய்யும் வேலைகள் மூன்று.

முதலாவது, இளக்குதல். மூலக்கூறு இழைகளுக்கிடையே நுழைந்த நீர் அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. பசை மென்மையாகிறது. இது பெரும்பாலும் மீளக்கூடிய மாற்றம். உலர்த்தினால் பசை பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டாவது, உப்பச் செய்தல். நீரை உறிஞ்சிய பசை விரிய முயலும். அதைப் பற்றியுள்ள உலோகமோ விரியாது. எனவே ஒட்டின் ஓரங்களில் தகைவு தேங்குகிறது.

மூன்றாவதே மிகவும் கேடானது. அது பசைக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள எல்லையில் நிகழ்கிறது. அலுமினியத்தின் மேற்பரப்பு உண்மையில் அலுமினியம் அன்று. அதன் மெல்லிய ஆக்சைடு படலம். பசை பிடித்துக்கொள்வது இந்த ஆக்சைடையே. ஆக்சைடுக்கோ பசையைக் காட்டிலும் நீரின்மேல் நாட்டம் மிகுதி. இதைக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள். எப்பாக்சியையும் அலுமினிய ஆக்சைடையும் உலர்ந்த நிலையில் பிரிக்க, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 232 மில்லிஜூல் ஆற்றல் வேண்டும். இடையே நீர் இருக்கும்போது அதே கணக்கு ஏறத்தாழ எதிர்மறை 137 ஆகிவிடுகிறது. எதிர்மறைக் குறியின் பொருள் என்ன? பிரிக்க நாம் ஆற்றல் செலவிடவே வேண்டியதில்லை. நீர் எல்லையை அடைந்துவிட்டால் இயற்கையே பிரித்துவிடும் என்பதாகும். கரியிழைக் கூட்டுப்பொருளுக்கு இந்தக் கணக்கு நீரிலும் நேர்மறையாகவே நிற்கிறது. ஈரத்தால் வரும் தொல்லை பெரும்பாலும் உலோக ஒட்டுகளில் மிகுந்து காணப்படுவதன் காரணம் இதுவே.

இன்னொரு செய்தியும் உண்டு. பல எப்பாக்சி-உலோக ஒட்டுகளில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50 முதல் 65 விழுக்காடு என்னும் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை வலிமை பெரிதும் குன்றுவதில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் சரிவு தொடங்குகிறது. புதுச்சேரிக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த எல்லைக்கு மேலேயே நிற்பது. குளிர் நாட்டு ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த அறையில் எடுத்த வலிமை எண்ணை நம்பி நாம் இங்கே வேலை செய்ய முடியாது.

வெப்பத்தின் பங்கு

ஒவ்வொரு பிசினுக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும். மேலே போனால் ரப்பர்போல் நெகிழும். இதைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பர். அறை வெப்பத்திலேயே இறுகும் எப்பாக்சிகளில் இது பெரும்பாலும் 50 முதல் 60° செ. அளவில்தான் அமைகிறது. மேலும், உறிஞ்சிய நீர் ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் இந்த வெப்பநிலையை ஏறத்தாழ 10 முதல் 20 பாகை வரை இறக்கிவிடும்.

இப்போது நம் ஊரை எண்ணிப் பார்ப்போம். அக்கினி நட்சத்திர நாள்களில் நிழலிலேயே வெப்பம் 40 பாகையை எட்டுகிறது. வெயிலில் கிடக்கும் தகரமோ கறுப்பு வண்ணம் பூசிய இரும்போ 60 பாகையைத் தாண்டும். மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி நிலைமாற்ற வெப்பநிலை 45 பாகைக்கு இறங்கிவிட்ட பசை, வெயில் சுள்ளென்று அடிக்கும் ஒரு நாளில் என்ன ஆகும்? விறைப்பை இழந்து, சுமையின்கீழ் மெல்ல நழுவத் தொடங்கும். இந்த மெதுவான நழுவலை ஊர்வு என்கிறோம். ஈரமும் வெப்பமும் தனித்தனியே செய்யும் கேட்டைக் காட்டிலும் சேர்ந்து செய்யும் கேடு மிகுதி என்பதன் பொருள் இதுவே.

வெப்பத்துக்கு வேறொரு முகமும் உண்டு. ஒரு பாகை வெப்பம் ஏறினால் இரும்பு பத்து லட்சத்தில் 12 பங்கும், அலுமினியம் 23 பங்கும் நீளும். எப்பாக்சியோ 60 பங்கு அளவில் நீளும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் இந்த இழுபறி நாள்தோறும் ஒட்டின் ஓரத்தைச் சோதிக்கிறது.

எவ்வளவு காலத்தில்?

நீர் பசைக்குள் விரவும் வேகத்தை எளிய கணக்கால் மதிப்பிடலாம். அறை வெப்பநிலையில் எப்பாக்சியில் நீரின் விரவல் எண், ஒரு நொடிக்கு ஒரு சதுர மீட்டரின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பதாகக் கொள்வோம். விரவ ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். ஆகவே ஒட்டின் ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே செல்ல நீருக்கு ஏறத்தாழ ஒரு கோடி நொடி, அதாவது 116 நாள் ஆகும். ஐந்து மில்லிமீட்டர் செல்ல ஏறத்தாழ 8 ஆண்டுகள். ஒரு சென்டிமீட்டர் செல்ல 32 ஆண்டுகள்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. அகலமான ஒட்டு நெடுநாள் வாழும். ஒடுக்கமான ஒட்டு விரைவில் கெடும் என்பது ஒன்று. ஓராண்டு கெடாமல் இருந்தது என்பதைக் கொண்டு முப்பது ஆண்டும் கெடாது என்று முடிவு செய்யலாகாது என்பது மற்றொன்று. வெப்பத்தை ஏற்றினால் விரவல் விரைவாகும் என்பதால், ஆய்வுக்கூடத்தில் சூடான ஈரக் காற்றில் வைத்துச் சில வாரங்களிலேயே சோதிக்கிறார்கள். ஆனால் வெப்பத்தை நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலே ஏற்றிவிட்டால் பசையின் இயல்பே மாறிவிடும். அச்சோதனை காட்டுவது வேறொரு பொருளின் கதையாகிவிடும்.

மூன்று நிகழ்ச்சிகள்

பசை பற்றிய பாடங்கள் பல, விபத்துகளின் வழியாகவே கற்கப்பட்டன. அவற்றுள் மூன்றை இங்கே காண்போம்.

முதலாவது நம் நாட்டிலேயே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் பறக்கவிட்ட 'மாஸ்கிட்டோ' விமானம் மரத்தால் ஆனது. பால்சா மரமும் ஒட்டுப்பலகையும் பசையால் இணைக்கப்பட்டு உருவானது. தொடக்கத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையே இதற்குப் பயன்பட்டது. பின்னர் பார்மால்டிஹைடு பிசின் வந்தது. 1944-இல் இந்தியாவில் இவ்விமானங்கள் சில, பறக்கும்போதே சிறகு சிதைந்து விழுந்தன. நவம்பரில் தென்கிழக்காசியப் பகுதியின் மாஸ்கிட்டோ விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பருவமழையில் பசை கெட்டதே காரணம் என்று எல்லாரும் எண்ணினர். இங்கிலாந்திலிருந்து வந்த உற்பத்தியாளர் குழு, பசை கெடவில்லை, மழைக்கால ஈரத்தில் மரம் அசைந்து சுருங்கியதே காரணம் என்றது. மேலும் நடந்த விசாரணைகளோ தொழிற்சாலையிலேயே குறை இருந்ததென்று கண்டன. பலகையும் சட்டமும் சரியாகப் பொருந்தாமல் ஒட்டில் இடைவெளி விடப்பட்டிருந்தது. மழையையே காணாத, இங்கிலாந்திலிருந்த விமானங்களிலும் அதே குறை காணப்பட்டது. நம் பருவமழையின் மேல் போட்ட பழி பெரிதும் வீண்பழியே. ஆயினும் ஒன்று தெளிவு: குறையுள்ள ஒட்டைக் குளிர் நாடு மன்னிக்கலாம், வெப்ப நாடு மன்னிக்காது.

இரண்டாவது 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் நடந்தது. 24,000 அடி உயரத்தில் பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரையில் ஏறத்தாழ 18 அடி நீளம் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற அனைவரும் தரையிறங்கியது வியப்பு. 1969-இல் கட்டப்பட்ட அந்த விமானத்தின் தகடுகள், குளிரில் சேமித்து வைக்கும் எப்பாக்சி நாடாவாலும் தரையாணிகளாலும் இணைக்கப்பட்டவை. குளிரறையிலிருந்து எடுத்த நாடா அறை வெப்பத்துக்கு வரும்போது அதன்மேல் நீர்த்துளி படியும். அந்த ஈரத்தோடு ஒட்டினால் பிடிப்பு குறையும். ஒட்டு விட்ட இடத்தில் உப்புக் காற்று புகுந்து துரு ஏறியது. சுமை முழுவதும் தரையாணித் துளைகளின்மேல் விழ, அங்கே விரிசல்கள் தோன்றி ஒன்று சேர்ந்தன. பசையில் படிந்த ஒரு துளி ஈரம் 19 ஆண்டுகள் கழித்து ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று எனலாம்.

மூன்றாவது 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் நடந்தது. கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட கான்கிரீட் பலகைகள், ஏறத்தாழ 26 டன், ஒரு காரின்மேல் விழுந்தன. அதிலிருந்த பெண்மணி இறந்தார். பலகைகளைத் தாங்கிய இரும்புத் தண்டுகள் கான்கிரீட்டில் துளையிட்டு எப்பாக்சியால் பதிக்கப்பட்டவை. விசாரணைக் குழு கண்ட காரணம் ஊர்வு. விரைவில் இறுகும் வகை எப்பாக்சி அங்கே பயன்பட்டிருந்தது. அது குறுகிய காலச் சோதனையில் வலிமையாக நின்றது. ஆனால் இடைவிடாத சுமையின்கீழ் மெல்ல நழுவியது. 1999-லேயே வேறொரு பகுதியில் தண்டுகள் சில நழுவியிருந்தன. அதன் பொருளை அப்போது எவரும் உணரவில்லை.

மூன்றிலும் பொதுவாக உள்ளது யாது? ஒட்டிய நாளில் எந்த ஒட்டும் கெட்டதாகத் தெரியவில்லை. பற்றவைத்த மூட்டை வெளியிலிருந்தே ஓரளவு மதிப்பிடலாம். பசையின் குறை உள்ளே மறைந்திருந்து, காலம் வரும்போதே வெளிப்படும். போயிங் நிறுவனத்தார் 1970-களில் ஆப்புச் சோதனையைக் கையாண்டதும் இதனாலேயே. ஒட்டிய இரு தகடுகளுக்கிடையே ஓர் ஆப்பை அடித்து, சூடான ஈரக் காற்றில் வைத்து, விரிசல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பார்கள். உலர்ந்த நிலையில் சம வலிமை காட்டும் இரு ஒட்டுகள் இச்சோதனையில் தம் வேற்றுமையைக் காட்டிவிடும். தகட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் மின்னாற்றலால் பக்குவப்படுத்திய ஒட்டு நிலைக்கும். துடைத்துவிட்டு மட்டும் ஒட்டியது விரைவில் பிளக்கும்.

நம் ஊரில் வேலை செய்வோர்க்கு

இவ்வளவும் விமானத்துக்குத்தானே என்று எண்ண வேண்டா. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையில் பைபர் படகுகள் பெருகின. வீராம்பட்டினத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் கட்டுமரங்களின் இடத்தில் இன்று அவையே வரிசையாக நிற்கின்றன. அடிபட்ட இடத்தில் கண்ணாடியிழைப் பாயை வைத்துப் பிசின் பூசிச் செப்பனிடும் வேலை கரையிலேயே நடக்கிறது. ஈரமான பழைய பரப்பின்மேல் பூசிய பிசின் பார்வைக்கு நன்றாகப் பிடித்ததுபோல் இருக்கும். கடலில் அலை அடிக்கும்போது உரிந்து வரும். கரையிலிருந்து பல மைல் தொலைவில் அது உயிர் பற்றிய செய்தி.

ஆகவே சில நெறிகளைச் சொல்லலாம். ஒட்டும் பரப்பை நன்னீரால் கழுவி உப்பை நீக்கி, முழுதும் உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பசையைக் கரைப்பானால் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உலோகப் பரப்பு தூய்மையாக இருக்கிறதா என்றறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அதன்மேல் தூய நீரை ஊற்றினால் நீர் முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். பின்னர் அதை நன்கு உலர்த்தியே ஒட்ட வேண்டும். பனி இறங்கும் விடியற்காலையும் மழை மூட்டமுள்ள ஐப்பசி, கார்த்திகை நாள்களும் இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல. ஈரக் காற்றில் இறுகும் எப்பாக்சியின் மேல் மெழுகுபோன்ற ஏடு படிவதுண்டு. அதை வெந்நீரால் கழுவித் தேய்த்து நீக்காமல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாது. பிசினையும் இறுக்கியையும் கண்ணளவில் கலக்காமல் சொன்ன விகிதத்தில் அளந்தே கலக்க வேண்டும். இறுகியபின் சில மணி நேரம் 60 முதல் 80 பாகைச் சூட்டில் வைக்க வாய்ப்பிருந்தால் நிலைமாற்ற வெப்பநிலை உயரும்.

வீட்டுக்குப் பிளைவுட் வாங்குவோரும் கடையில் ஒன்று கேட்க வேண்டும். யூரியா-பார்மால்டிஹைடு பிசினால் ஒட்டிய பலகை விலை குறைவு. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் அப்பிசின் நீரால் சிதையும். பீனாலிக் பிசினால் ஒட்டியது சிதையாது. இந்தியத் தர நிர்ணயம் 710-இன்படியான பலகை, கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் பிரியாமல் நிற்க வேண்டும். சமையலறைக்கும் குளியலறைக் கதவுக்கும் இதுவே தகும்.

நாமே செய்யக்கூடிய ஒரு சோதனை

மாணவ நண்பர்கள் இதைப் படித்ததோடு நிறுத்தாமல் செய்தும் பார்க்கலாம். ஒரே அகலமுள்ள அலுமினியப் பட்டைகளை அரையங்குலம் மேற்பொருந்துமாறு எப்பாக்சியால் ஒட்டி இருபத்து நான்கு இணைகள் செய்க. பாதியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தும், பாதியைத் தேய்க்காமலும் ஒட்டுக. ஒரு வாரம் கழித்து அவற்றை நான்கு பகுதியாக்கி, ஒன்றை உலர்த்தியிலும், ஒன்றை அறைக் காற்றிலும், ஒன்றைக் கடல்நீரிலும், ஒன்றை 50 பாகை வெந்நீர்த் தொட்டியிலும் வைக்க. ஒரு திங்கள் கழித்து ஒவ்வொன்றிலும் வாளியைத் தொங்கவிட்டு, மணலைச் சிறிது சிறிதாக இட்டு, எந்த எடையில் அறுகிறது என்று குறிக்க. அறுந்த முகத்தையும் உற்று நோக்குக. இரு பக்கமும் பசை ஒட்டியிருந்தால் பசையே கிழிந்தது என்று பொருள். ஒரு பக்கம் வெறும் உலோகமாக இருந்தால் நீர் எல்லையைப் பிரித்துவிட்டது என்று பொருள். எடையைக் காட்டிலும் இந்த முகமே மிகுதியாகப் பேசும். வரும் ஆண்டு மலரில் அம்முடிவுகளை எவரேனும் எழுதினால் இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகக் கொள்வேன்.

2014 நவம்பரில், பெருமழையில் நனைந்து நம் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 2021-இல் அது பழைய உருவத்திலேயே மீண்டும் எழுந்து திறக்கப்பட்டது. அங்கே செங்கல்லைப் பிடித்து வைத்திருந்தது சுண்ணாம்புக் காரை. விமானத்தில் தகட்டைப் பிடிப்பது எப்பாக்சி. பொருள் வேறாயினும் நியதி ஒன்றே. இணைப்பின் ஆயுள், அதைச் செய்த நாளின் கவனத்தையும், செய்தபின் நாம் அதை எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஈரத்தையும் வெயிலையும் நாம் தடுக்க முடியாது. அவை என்ன செய்யும் என்பதை முன்கூட்டி அறிந்து வேலை செய்ய முடியும். அறிவியல் நமக்குத் தருவது அந்த முன்னறிவே.